வேலைக்காயம், சேமலாப நிதி, அஸ்வெசும: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டட வேலைத்தளத்தில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால் முதலில் ஆட்டோ பிடிப்பார்கள். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மேற்பார்வையாளர் சொல்லுவார்: "டொக்டர் கேட்டா வீட்டில விழுந்ததெண்டு சொல்லுங்க, செலவெல்லாம் நாங்க பாக்கிறம்." தலையாட்டியவருக்கு இரண்டு கிழமை செலவு வரும். மூன்றாம் கிழமை தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. அதற்குப் பிறகு தொழில் திணைக்களத்துக்குப் போனால், வைத்தியசாலைப் பதிவில் "வீட்டில் விழுந்தவர்" என்று இருக்கும். அதைத் திருத்துவது முறிந்த எலும்பு பொருந்துவதை விடக் கடினம்.

திருகோணமலையில் தொழிலாளருக்கும் வறிய குடும்பங்களுக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பு அப்படியொன்றும் குறைவில்லை. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து 2023 இல் தொடங்கிய அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கான அரச மாதக் கொடுப்பனவு) வரை ஒரு வரிசையே இருக்கிறது. பெரும்பாலும் காசு கைநழுவுவது சட்டத்தில் ஓட்டை இருப்பதால் அல்ல. அன்றைய தினத்தில் எழுத வேண்டியதை எழுதாமல் விடுவதால்தான்.

காயம்பட்ட நாளில்

அனுமதிக்கும்போது காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்று கேட்பார்கள். வேலைத்தளத்தின் பெயர், செய்துகொண்டிருந்த வேலை, நேரம் மூன்றையும் சொல்லுங்கள். பேச முடியாத நிலை என்றால் கூட வந்தவர் சொல்லட்டும். வார்டை விட்டு வரும்போது கிடைக்கும் நோய் நிர்ணய அட்டையில் அது அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. உங்கள் அனுமதி இலக்கத்தையும் குறித்து வையுங்கள். பின்னர் வைத்திய அறிக்கை கேட்கும்போது அந்த இலக்கத்தைக் கொண்டுதான் தேடுவார்கள்.

அடுத்த தவறு, முதலாளிக்கு வாயால் மட்டும் சொல்வது. "பார்த்தவர்தானே, அவருக்குத் தெரியாதா" என்று விட்டுவிடுகிறோம். அவருக்குத் தெரியும் என்பதை நாளைக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும். ஒரு தாளில் நாலு வரி போதும்: திகதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வட்சப்பில் அனுப்பினால் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். போன் உடைவதும் தொலைவதும் நம் ஊரில் புதிதல்ல.

"நான் துணைக் கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தவன், பெரிய கொம்பனியைக் கேட்க முடியாது" என்று ஒதுங்குகிறவர்கள் பலர். தன் தொழிலின் பகுதியான வேலையை இன்னொருவரிடம் கொடுத்துச் செய்விக்கும் நிறுவனத்தையும் நட்டஈட்டுச் சட்டம் பொறுப்பாக்குகிறது. ஆகவே விண்ணப்பத்தில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். சின்னக் கொந்தராத்துக்காரர் காணாமல் போகலாம், பெரிய நிறுவனம் போகாது. சொந்த வீடு கட்டும் ஒருவரிடம் நாட்கூலிக்குப் போகும்போது இந்த வழி இல்லை. அங்கே உங்களைக் கூட்டிப் போன மேசன் பாஸ்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

2022 இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, உச்ச நட்டஈடு 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் நடக்கும் விபத்தும் அதே திருத்தத்தில் உள்ளே வந்தது. இது பலருக்கு இன்னும் தெரியாது. கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து நிலாவெளி ஹோட்டலுக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் வழியில் மோதுண்டால், அதை வெறும் வீதி விபத்து என்று மட்டும் முடித்துவிடக் கூடாது. பொலிஸ் முறைப்பாட்டில் "வேலைக்குப் போகும் வழியில்" என்ற சொற்கள் வர வேண்டும். அன்றைய வேலைப் பட்டியலின் பிரதி ஒன்று கையில் இருந்தால் நேரத்தையும் நிறுவலாம். வழியில் வேறு அலுவலாகத் திரும்பியிருந்தால் வாதம் பலவீனப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சம்பளச் சிட்டையில் நடக்கும் சின்ன ஒப்பந்தம்

இதுதான் ஆகப் பெரிய தவறு, செய்கிறவர்களும் அதிகம். கையில் 45,000 ரூபாய் தருவார்கள். சிட்டையில் 30,000 என்று எழுதியிருக்கும். "ஈ.பி.எஃப். வெட்டுறது குறையும், கையில கூட வரும்" என்று விளக்கமும் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு (இதுதான் ஈ.பி.எஃப்.) உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்டுகிறார். அது உங்கள் சம்பளத்தில் வெட்டப்படக் கூடாது. மறைக்கப்பட்ட 15,000 ரூபாயில் உங்கள் பங்கு மாதம் 1,200. அது கையில் மிஞ்சுகிறது. முதலாளி தர வேண்டிய 15 சதவீதமான 2,250 ரூபாய் அவரிடமே நிற்கிறது. வருடத்துக்கு 27,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரவேயில்லை. அதோடு போகாது. பத்து வருடம் வேலை செய்தவர் விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், 225,000க்குப் பதிலாக 150,000 ஆகும். நட்டஈடும் சம்பளத்தை வைத்தே கணிக்கப்படுவதால், கை போன அன்றும் அந்த 30,000தான் பேசும்.

சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்ட வேண்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் அல்ல. வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம் போன்றவையும் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. அதனால்தான் சில இடங்களில் சம்பளத்தின் பாதியை ஓ.டி. என்று பெயர் மாற்றிப் போடுகிறார்கள். மேலதிக நேரம் செய்யாத மாதத்திலும் சிட்டையில் ஓ.டி. தொகை இருந்தால் அது ஓ.டி. அல்ல.

2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாக்கப்பட்டது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. சிட்டையில் அதற்குக் கீழே எழுதியிருந்தால், யாருடைய சம்மதமும் அதைச் சட்டபூர்வமாக்காது.

"நாங்கள் நாட்சம்பளக்காரர், எங்களுக்கு இல்லை" என்பது அடுத்தது. தற்காலிகம், பயிற்சி, நாட்கூலி, துண்டுக்கணக்கு எதுவாக இருந்தாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நிதி பொருந்தும். நெல் ஆலை, வாடி, சலூன், சைவக்கடை எல்லாம் இதற்குள்தான். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் இல்லை.

மாதக் காசு அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் நிதிக்குப் போக வேண்டும். பிந்தினால் முதலாளிக்கு மேலதிகக் கட்டணம் ஏறும். சிட்டையில் வெட்டியதாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் வைப்பதும் நடக்கிறது. சிட்டையை மட்டும் நம்பாமல் வருடத்துக்கு ஒருமுறையாவது மத்திய வங்கியின் அங்கத்தவர் கூற்றைக் கேட்டு வாங்குங்கள். முதலாளியின் பதிவு இலக்கம், உங்கள் அங்கத்தவர் இலக்கம் இரண்டும் சேர்ந்தால்தான் உங்கள் கணக்கு. வேலை மாறினால் இலக்கமும் மாறும், பழைய காசு பழைய இலக்கத்திலேயே நிற்கும். மூன்று இடத்தில் வேலை செய்தவர் ஓய்வுபெறும்போது ஒரு இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு வருவது அடிக்கடி நடக்கிற இழப்பு.

"வேலையை விட்டால் ஈ.பி.எஃப். எடுக்கலாம்" என்று நம்பி ராஜினாமா செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வழமையாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை அது திறக்காது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண், நிரந்தர இயலாமை, நிரந்தரமாக வெளிநாடு போதல் போன்றவை விதிவிலக்கு. வீடு அல்லது மருத்துவச் செலவு என்றால் வேலையில் இருந்துகொண்டே 30 சதவீதம் வரை கேட்கலாம். பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 300,000 ரூபாய் மீதியும் இருக்க வேண்டும்.

பணிக்கொடை கேட்க ஐந்து வருட சேவையும், நிறுவனத்தில் பதினைந்து பேரும் இருந்திருக்க வேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் தரப்பட வேண்டும்.

கர்ப்பிணிகள்

சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் தவறு ஒன்றுதான்: கேட்டவுடன் ராஜினாமா எழுதிக் கொடுப்பது. பிரசவ விடுமுறை 84 நாள். 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது, நாலாவது பிள்ளைக்கும் அதே நாட்கள்தான். கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. திரும்பி வந்த பிறகு பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளை பராமரிப்பு இடம் இல்லாத வேலைத்தளத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம்.

வயலில் இறங்குமுன்

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் பெரும்போகம் தொடங்கும்போது எலிக்காய்ச்சலும் வரும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே கிருமி ஏறிவிடும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. டொக்சிசைக்கிளின், கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், வயலில் இறங்கும் காலம் முழுக்க. காய்ச்சல் வந்த பிறகு இந்தத் தடுப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பதுதான் ஆபத்தான தவறு. காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைவும் கண் சிவப்பும் என்றால் உடனே ஆஸ்பத்திரி, "வயலில் நின்றேன்" என்ற சொல்லோடு. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் இந்த மாத்திரையைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

பதவிசிறிபுர போன்ற பகுதிகளில் சிறுநீரக நோயாளிகள் நிறையப் பேர். அவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025 இல் 10,000 ரூபாயாகியது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதேயளவு. 70 வயது கடந்த வறியோருக்கு 5,000. கிளினிக் கொப்பியும் விசேட வைத்தியரின் உறுதிப்படுத்தலும் இல்லாமல் பிரதேச செயலகத்துக்குப் போய்த் திரும்பி வருவது ஒரு நாள் கூலியை வீணாக்கும்.

அஸ்வெசும

22 சுட்டிகளில் குடும்பம் புள்ளியிடப்படுகிறது: கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு. பழைய சமுர்த்தி நிவாரணத் திட்டத்தின் அட்டை இருந்ததால் தானாக வரும் என்று காத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். 2025 முதல் மிக வறிய குடும்பத்துக்கு 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000.

நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சுனாமிக்குப் பின் கட்டிய வளவில் அண்ணன் வீட்டு மீற்றரிலிருந்து தம்பி வீட்டுக்கும் வயர் இழுப்பது. படிவத்தில் மின்பட்டியல் விபரமும் கேட்கப்படுகிறது. இரண்டு குடும்பம் பாவிக்கிற யூனிட் ஒரு குடும்பத்தின் பெயரில் ஏறினால் அண்ணன் வசதியானவராகத் தெரிவார். கணக்கெடுக்க வருகிறவருக்கு இதைச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

தெரிவாகாவிட்டால் செய்வது மேன்முறையீடு. தகுதியில்லாத ஒருவர் தெரிவாகியிருக்கிறார் என்று சொல்வது ஆட்சேபனை. இரண்டும் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் மேல் எழுதிய ஆட்சேபனை உங்கள் பெயரைச் சேர்க்காது. கோபத்தில் அதை எழுதிவிட்டு, சொந்த மேன்முறையீட்டுக்கான திகதியைத் தவறவிட்டவர்கள் உண்டு.

பெயரும் மொழியும்

பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. ஆங்கில எழுத்தில் ஒரு "எச்" கூடினாலும் குறைந்தாலும் கோப்பு நிற்கும். அவசரத் தேவை வருவதற்கு முன்பே சமாதான நீதவான் முன் "இருவரும் ஒருவரே" என்று சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வையுங்கள். சேமலாப நிதியில் பின்னுரித்தாளியாக (தன் மறைவுக்குப் பின் காசைப் பெறுபவராக) தாயைப் போட்டவர் திருமணத்தின் பின் மாற்ற மறந்தால், மனைவிக்கும் தாய்க்கும் நடுவில் கோப்பு கிடக்கும்.

வேலையை விடும் அன்று சிங்களத்தில் ஒரு தாளை நீட்டி "சும்மா ஒரு கையெழுத்து" என்பார்கள். பெரும்பாலும் அது, எல்லாக் காசும் பெற்றுவிட்டேன், விரும்பியே விலகுகிறேன் என்ற ஒப்புதல். வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டி வரும் வரை கையெழுத்திடாதீர்கள். இட்டே ஆக வேண்டிய நிலை என்றால், கையெழுத்துக்குக் கீழே தமிழில் "வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை" என்று எழுதி, திகதியும் போட்டு, தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டதாகத் தொழில் நியாயசபைக்குப் போவதற்கு இருப்பது ஆறு மாதம். "கூப்பிடுறம்" என்ற பேச்சை நம்பியிருக்கும் நாட்களும் அந்த ஆறு மாதத்துக்குள்தான் ஓடுகின்றன.