பீரோவை நகர்த்திப் பாருங்கள்

ஓசூருக்குக் குடிவந்த முதல் கார்த்திகையில், ஒரு கல்யாணத்துக்காகக் கூறைப் புடவையை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். நனைந்த கோணிப்பை வாடை. அந்துருண்டை தீர்ந்துவிட்டது போல என்று நாலு உருண்டை போட்டு மூடினேன். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போதுதான் பீரோவை நகர்த்தினோம். பின்சுவரில் பீரோவின் உயரத்துக்கு, அகலத்துக்கு, அதன் நிழல் மாதிரியே கறுப்பாகப் பூசணம்.

நான் கிருஷ்ணகிரியில் வளர்ந்தவள். அங்கே வெயிலில் சுவர் வெடித்துப் பார்த்திருக்கிறேன், பூசணம் பிடித்துப் பார்த்ததில்லை. 50 கிலோமீட்டர் மேலேறி, சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூருக்கு வந்தால் கதை வேறு. மார்கழிக் காலையில் வடக்குச் சுவரைத் தொட்டால் பானையைத் தொட்ட மாதிரி சில்லிட்டிருக்கும்.

பெயிண்டரைக் கூப்பிட்டோம். அவர் துடைப்பத்தால் சுவரைத் தட்டிவிட்டு மேலேயே இரண்டு கோட் அடித்தார். அடுத்த ஐப்பசியில் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. மறு வருஷமும் அதே கூத்து. பூசணத்துக்கு வேண்டியது ஈரம். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெயிண்டுக்குச் செலவழிப்பது வீண்.

அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து இருந்தால் சுவருக்குள் ஓதம்: பின்னாலிருக்கும் பாத்ரூம் குழாயோ, மொட்டை மாடி விரிசலோ, தரையிலிருந்து ஏறுவதோ. கொத்தனார், பிளம்பர் வேலை அது. அதை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. எங்கள் வீட்டில் வெளிப்பக்கம்தான் வியர்த்திருந்தது. மழைக்காலத்தில் படுக்கையறையிலேயே கொடி கட்டித் துணி காயப்போட்டது, வெந்நீர் ஆவி, மூடிய அறையில் நாலு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு, எல்லாம் சேர்ந்து பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறது.

இன்னொன்று: வெள்ளையாகப் பொரிந்திருப்பதெல்லாம் பூசணம் இல்லை. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கரைந்து மறைந்தால் சுவர் உப்புப் பூத்திருக்கிறது. அதுவும் ஓதத்தின் அடையாளம்தான்.

இனி சுத்தம் செய்வது. மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் நாமே செய்யலாம். வீட்டில் வீசிங் உள்ளவர்களையும் குழந்தைகளையும் அனுப்பிவிடுங்கள். என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்துங்கள். காய்ந்த துடைப்பம் கூடவே கூடாது, தூளாகப் பறந்து வீடெல்லாம் பரவும். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, பழைய துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உப்பிய பெயிண்டை ஈரத்தோடு சுரண்டிவிடுங்கள். அப்புறம் 4 லிட்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் வெங்காரம் (போராக்ஸ்) கரைத்துத் தேய்த்து, கழுவாமல் அப்படியே காயவிடுங்கள்.

ப்ளீச் போட்டால் கறை உடனே வெளுக்கும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் பூச்சுக்குள் இறங்கிய வேர் பிழைத்துக்கொள்ளும். அப்படியும் போடுவதானால் 4 லிட்டருக்கு ஒரு டம்ளருக்கு மேல் வேண்டாம். பாத்ரூம் ஆசிட் பட்ட பக்கெட்டில் மட்டும் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு, மூச்சை அடைத்துவிடும். வினிகரும் அமிலம்தான், அதையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது. தனியாக அடிக்கலாம், ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவரில் வேண்டாம், சுண்ணாம்பை அரித்துவிடும். (சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் சுலபத்தில் பிடிக்காது. தாத்தா வீட்டில் வருஷா வருஷம் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டுமில்லை.)

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர், பெயிண்ட். நாங்கள் அவசரப்படாமல் இரண்டு வாரம் விட்டோம்.

திரும்ப வராமலிருக்க நான் செய்வது இவ்வளவுதான். படுக்கையறைக் கொடியை அவிழ்த்தாயிற்று. துணி போர்ட்டிகோவில் காய்கிறது. குளிக்கும்போது பாத்ரூம் கதவு மூடியிருக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் கால் மணி நேரம் கூடுதலாக ஓடும். வெயில் ஏறி 10 மணிக்கு ஜன்னல்களைத் திறந்து, கொசு வருமுன் 5 மணிக்குச் சாத்துகிறேன். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று அலமாரியில் இருக்கிறது; 60 சதவீதத்தைத் தாண்டினால் ஃபேனைப் போட்டுவிடுவேன், குளிர்ந்தாலும் சரி.

பீரோ இப்போது உட்சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து அரையடி தள்ளி நிற்கிறது. அந்தச் சந்தில் பல்லி குடியேறிவிட்டது என்று மாமியாருக்கு மட்டும் கோபம்.