முற்றத்துக்கு வர்ற குருவிங்க சேட்டைய பாக்கும்போது நாம பண்ற தப்புகள்

பறவை பாக்கணும்னா சுசீந்திரம் குளம், மணக்குடி காயல்னுதான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல எல்லாரும் சொல்லுவாங்க, 2022ல சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற ராம்சார் அந்தஸ்து கெடச்ச பிறகு இன்னும் அதிகம். ஆனா ரெண்டு தென்னையும் ஒரு சக்கை (பலா) மரமும் நிக்கிற முற்றம் இருந்தா காலைல சாயா குடிச்சுக்கிட்டே பாக்க ஏகப்பட்ட கூத்து இருக்கு. நமக்குதான் அது கூத்து, அதுக்கு அது பிழைப்பு. இத மறந்துட்டு நடுவுல புகுந்தாதான் பிரச்சனை.

வெயில் ஏறும்போது தவிட்டுக்குருவி தரையில ஒருபக்கமா சரிஞ்சு, செறகை விரிச்சு, வாயையும் பொளந்துட்டு கெடக்கும் பாருங்க. அய்யோ சாகப்போகுதுன்னு ஓடிப்போய் தண்ணி ஊத்தாதீங்க. அது வெயில் காயுது அவ்வளவுதான். சூடு ஏறுனா இறகுல இருக்குற பேனும் செள்ளுப்பூச்சியும் வெளிய வரும், பிறகு அலகால கோதி எடுக்கும். மைனா எறும்பைப் புடிச்சு இறகுல தேய்க்கிறதும் அந்த மாதிரி ஒரு வேலைதான்னு சொல்றாங்க. கிட்ட போகாம இருந்தா கொஞ்ச நேரத்துல தானே எந்திச்சு போயிரும்.

அடுத்தது பைக் கண்ணாடி. வண்ணாத்திக்குருவியோ தேன்சிட்டோ வந்து கண்ணாடிய கொத்து கொத்துன்னு கொத்தும், நாம சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவோம். அது என்ன நினைக்குதுன்னா நம்ம இடத்துக்கு இன்னொருத்தன் வந்துட்டான்னு, அந்த இன்னொருத்தன் தோத்து ஓடவே மாட்டான் இல்லியா, அதனால இரை தேட வேண்டிய நேரத்தையும் விட்டுட்டு நாள் பூரா சண்டை போட்டுட்டே நிக்கும். ஒரு பழைய துணிப்பைய கண்ணாடில மாட்டி விடுங்க, தீர்ந்துச்சு. மொபைல்ல அந்த குருவி சத்தத்தையே போட்டு வரவழைக்கிறதும் இதே கதைதான், ஒண்ணு ரெண்டு தடவை போட்டாலும் கூட்டுல முட்டை இருக்குற நேரத்துல அது தொந்தரவு.

தலையில கொத்த வர்ற காக்காவ கல்லெடுத்து எறியிறதும், கம்பு விட்டு கூட்ட கலைக்கிறதும் வேண்டாம். பக்கத்துல எங்கயாவது பறக்கப் பழகுற குஞ்சு இருக்கும், அதுதான் விஷயம். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் குடை புடிச்சுட்டு போங்க மக்கா. காக்கா கூட்டுல குயில் குஞ்ச பாத்தாலும் விடுங்க, நியாயம் கேக்க நாம யாரு?

எனக்கு ரொம்ப கடுப்பாகுறது குஞ்ச தூக்கிட்டு வர்றதுதான். கண்ணு தொறந்து, இறகு முளைச்சு, குட்டை வாலோட தரையில தத்தி தத்தி போனா அது அனாதை கிடையாது, பறக்கப் படிக்குது, தாய் பக்கத்துலதான் இரையோட நிக்கும், நாம நின்னா அது எறங்கி வராது. பூனை சுத்துதுன்னா எடுத்து பக்கத்து கொப்புல வச்சுட்டு தள்ளி வந்துருங்க. இறகே முளைக்காத குஞ்சு விழுந்து கெடந்தா, கூடு எட்டுற ஒசரத்துல இருந்தா உள்ள வைங்க. மனுஷ வாடை பட்டா தாய் சேக்காதுங்கிறதெல்லாம் சும்மா, பெரும்பாலான பறவைங்க அப்படி தள்ளாது.

தேன்சிட்டு கூட்ட போட்டோ எடுக்க மறைவா நிக்கிற கொப்ப வெட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம், காக்காவுக்கு நாமளே வழி காட்டுன மாதிரி ஆயிரும்.

தீனின்னா மிச்சம் விழுந்த மிக்சர், முறுக்கு, சிப்ஸ் போடாதீங்க, உப்பும் எண்ணெயும் ஆகாது. வெறும் சோறு, பழம் கொஞ்சமா வைங்க, ராத்திரி மிச்சம் கெடந்தா எலி வரும். தண்ணி ஆழமில்லாத மண்சட்டில, பூனை பதுங்குற செடிக்கு தள்ளி வைங்க, தினமும் மாத்துங்க, இல்லேன்னா கொசு முட்டை போடும்.

பிள்ளைங்க ஆசப்படுதுன்னு கிளியையோ மைனாவையோ புடிச்சு கூண்டுல போடுறது 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம். அடிபட்ட பறவை கெடச்சா காத்துப் போற அட்டைப்பெட்டில இருட்டா வச்சு, வாயில தண்ணி ஊத்தாம, வனத்துறைக்கு சொல்லுங்க.