தக்கையைப் பார்க்காதீர்கள், குழியைப் பாருங்கள்: முட்டையிடும் பருவத்தில் திலாப்பியா பிடிப்பது எப்படி?

திலாப்பியா என்றாலும் ஜிலேபிக் கெண்டை என்றாலும் ஒரே மீன்தான். மற்ற நாட்களில் மாவு உருண்டை விழுந்ததும் மொய்க்கும். முட்டையிடும் பருவம் வந்துவிட்டால் அதே மீன் கண்ணெதிரே நிற்கும், இரையைப் பார்க்கும், தின்னாது. தூண்டில் பிடிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு முழுக் காலைப் பொழுதை இப்படித் தொலைத்திருக்கிறேன். தக்கை லேசாக ஆடும். அமுங்கட்டும் என்று காத்திருப்பேன். அமுங்கவே அமுங்காது. தண்ணீர் தெளிவாக இருந்ததால் ஒரு கட்டத்தில் எட்டிப் பார்த்தேன்: புழு கடிபடாமல், போட்ட இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. யாரோ எடுத்து வெளியே போட்டிருக்கிறார்கள்!

அந்த ‘யாரோ’ ஆண் மீன். நைல் திலாப்பியா, மொசாம்பிக் திலாப்பியா இரண்டிலும் கதை ஒன்றுதான். ஆண் ஆழம் குறைந்த கரையோரத்துக்கு வந்து, வாயால் மண்ணை அள்ளி அள்ளித் துப்பி வட்டமாக ஒரு குழி பறிக்கும். பெண் வந்து அதில் முட்டையிடும். முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். பொரிந்த குஞ்சுகளும் மஞ்சள் கரு கரையும்வரை தாயின் வாய்க்குள்தான். ஏறக்குறைய 2 வாரம் அது சரியாக இரை எடுக்காது. ஆண் மட்டும் குழியைவிட்டு நகராமல் அடுத்த பெண்ணுக்காகக் காத்திருக்கும். அதற்கும் பசி இரண்டாம் பட்சம். ஆனால் குழிக்குள் இலை, கல், நத்தை எது விழுந்தாலும் வாயில் கவ்வி வெளியே எறிந்துவிடும். நாம் நம்பியிருப்பது இந்தத் துப்புரவுக் குணத்தைத்தான். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இதிலிருந்து வருபவையே.

படி 1: குழியைக் கண்டுபிடியுங்கள்

தண்ணீரின் வெப்பம் 22 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குழி பறிப்பு தொடங்கலாம். 25 முதல் 30 வரை நல்ல சூடு. 20-க்குக் கீழே இருந்தால் வீடு திரும்பலாம். வெப்பமான பகுதிகளில் ஆண்டு முழுக்கவே அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்டையிடும் என்பதால் நாள்காட்டியைவிடக் குழியே நல்ல சாட்சி.

முழங்கால் முதல் இடுப்பளவு ஆழமுள்ள, மணலோ மெல்லிய சேறோ படிந்த, நீரோட்டம் இல்லாத ஓரங்களைப் பாருங்கள். சுற்றியுள்ள தரையைவிட வெளுப்பாக, தட்டுகளைக் கவிழ்த்து எடுத்த தடம் போல வட்டங்கள் தெரியும். பெரிய ஆணின் குழி ஒரு மீட்டர் அகலம்கூட வரும். விடியற்காலையில் போய்ப் பயனில்லை. வெயில் ஏறி, ஒளி தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் குழி தெரியும். தண்ணீர்ப் பரப்பின் கூச்சத்தைக் குறைத்து அடியைக் காட்டும் போலரைஸ்டு கண்ணாடி ஒன்று வாங்கிவிடுங்கள். ரீலுக்குச் செலவழிப்பதைவிட அது பலன் தரும்.

குழியின் அடி சுத்தமாகத் துடைத்தது போல இருந்தால் ஆள் குடியிருக்கிறார். தூசியும் பாசியும் படிந்திருந்தால் காலி வீடு, அடுத்ததைப் பாருங்கள்.

நீங்கள் நடக்கும் அதிர்வுக்கே மீன் ஓடிவிடும். கவலை வேண்டாம். குழிக்கு நேரே கரையில் ஒரு செடியையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொண்டு, நான்கைந்து அடி பின்னால் உட்கார்ந்துவிடுங்கள். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. பெரும்பாலும் சில நிமிடங்களில் திரும்பி வரும்.

படி 2: குழியில் இருப்பது யார்?

இந்தப் பருவத்தில் மொசாம்பிக் ஆண் கரிய நிறமாகிவிடும். தாடைக்கடியில் வெள்ளை, துடுப்பு ஓரத்தில் சிவப்பு. நைல் ஆணுக்கு உடலில் செம்மை படரும். ஒரு குழியில் ஒரே மீன் நின்றால் தூண்டில் போடலாம். அதன் முட்டைகள் ஏற்கெனவே பெண்ணின் வாயில் பத்திரமாக இருக்கின்றன.

எப்போது பார்த்தாலும் இரண்டு மீன்கள் ஜோடியாகவே ஓர் இடத்தைக் காத்தால் அது சிவப்பு வயிற்றுத் திலாப்பியாவாக இருக்கலாம். அது முட்டையை வாயில் வைக்காது. தரையிலேயே ஒட்டிவிட்டு இரண்டும் சேர்ந்து காவல் காக்கும். ஒன்றைத் தூக்கினால் மற்ற மீன்கள் வந்து முட்டைகளை மேய்ந்துவிடும். அந்த ஜோடியை நான் தொடுவதில்லை.

படி 3: தூண்டில் கட்டுவது

2 முதல் 3 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பு. மூங்கிலே போதும். 2 அல்லது 3 கிலோ தாங்கும் நரம்பு, அதாவது தூண்டில் நூல். திலாப்பியாவுக்கு வாய் சிறியது, அதனால் முள் (தூண்டில் கொக்கி) 8 அல்லது 10-ஆம் எண். எண் கூடக் கூட முள் சிறியது என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை, அதாவது முனைக்கருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை, குறடால் நசுக்கிவிட்டால் பிறகு கழற்றுவது எளிது.

முடிச்சு: நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, நுனியைத் தன் மேலேயே 5 சுற்றுச் சுற்றி, கண்ணை ஒட்டியுள்ள சிறு வளையத்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். இறுக்குமுன் எச்சில் தடவுங்கள். உலர்ந்த நரம்பு இறுக்கும்போது சூடாகிப் பலமிழக்கும்.

முள்ளுக்கு 15 சென்டிமீட்டர் மேலே ஒரே ஒரு சின்ன ஈயம். தக்கை கட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். கட்டினால் இரை தரையில் படும்படி, ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஏற்றி வையுங்கள். இரை அந்தரத்தில் தொங்கினால் ஆணுக்கு அது குப்பையாகத் தெரியாது.

படி 4: இரை

மண்புழு. மாவு உருண்டை இந்த வேலைக்கு ஆகாது. மீன் வாயில் எடுத்து ஊதித் துப்பும்போதே கரைந்து போகும். புழுவை இரண்டு மூன்று மடிப்பாக முள்ளில் கோத்து, முனை மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். வால் தொங்கக் கூடாது, வாலைப் பிடித்தே தூக்கிப் போடத் தெரிந்த மீன் இது.

படி 5: போடுவதும் வெட்டுவதும்

இரையைக் குழியின் நடுவில் ‘தொப்’பென்று போடாதீர்கள். குழியைத் தாண்டி எறிந்து, தரையோடு மெல்ல இழுத்து உள்ளே இறக்குங்கள். பிறகு அசைக்காமல் விடுங்கள்.

இப்போது நடப்பதைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். ஆண் முதலில் பின்வாங்கும். ஒரு சுற்றுச் சுற்றி வரும். இரைக்கு நேர் மேலே நின்று, தலையைச் சாய்த்து, உடலைச் செங்குத்தாக்கும். துடுப்புகள் நடுங்கும். சட்டென்று வாய் குழாய் போல நீண்டு மூடும், புழு காணாமல் போயிருக்கும். மீன் குழியின் விளிம்பை நோக்கித் திரும்பும். விளிம்பை எட்டியதும் துப்பிவிடும். வாயில் எடுத்ததற்கும் துப்புவதற்கும் இடையில் ஒன்றிரண்டு நொடிதான். அதற்குள் வெட்ட வேண்டும், அதாவது கம்பைச் சுண்டி முள்ளை மீனின் வாயில் ஏற்ற வேண்டும்.

வெட்டு என்றதும் தோளோடு கம்பைத் தூக்குபவர்கள் உண்டு, இரை அவர்கள் தலைக்கு மேல் பறக்கும். மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டினால் போதும். தக்கை அமுங்கும் என்று காத்திராதீர்கள். தண்ணீர் கலங்கிக் குழி தெரியாவிட்டால், தக்கை பக்கவாட்டில் ஓர் அங்குலம் நகர்வதுதான் அடையாளம்.

வேண்டுமென்றே முள்ளை இழுத்து மீனின் வயிற்றிலோ முதுகிலோ கொளுவிப் பிடிப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றம். தற்செயலாக அப்படிச் சிக்கினாலும் அது வெட்டுக் கணக்கில் வராது.

படி 6: கரைக்கு வந்த பிறகு

திலாப்பியாவின் முதுகுத் துடுப்பில் பதினைந்தோ அதற்கு மேலோ கூர்முட்கள் உண்டு. ஒருமுறை உள்ளங்கையில் ஏறினால் அன்று முழுக்க நினைவிருக்கும். கையை நனைத்து, தலைப்பக்கமிருந்து வால்பக்கமாகத் தடவிக்கொண்டே போய் முட்களைப் படிய வைத்துப் பிடியுங்கள்.

எப்போதாவது தாடை உப்பிய பெண் சிக்கும். தூக்கியதும் வாயிலிருந்து மஞ்சள் முட்டைகளோ பொடிக் குஞ்சுகளோ சிதறும். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுவது என் வழக்கம். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் பல நாடுகளில் உள்ளூர் மீன்களைத் துரத்திவிட்டது. உலகின் மிக மோசமான 100 அயல் இனங்கள் என்ற பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியாவும் இருக்கிறது. பிடித்ததை உயிரோடு திரும்ப விடக் கூடாது என்று விதி உள்ள இடங்களும் உண்டு. அனுமதிச் சீட்டு, தடைக்காலம், இந்த விதி மூன்றையும் கம்பை எடுக்குமுன் விசாரித்துவிடுங்கள்.

ஓர் ஆணை எடுத்த குழியில் உடனே மறுபடி தூண்டில் போட்டுப் பயனில்லை. பக்கத்துக் குழிக்கு நகருங்கள். திரும்பி வரும்போது இந்தக் குழியில் பெரும்பாலும் வேறோர் ஆண் குடியேறியிருக்கும், முதல் வேலையாக விளிம்பைச் சீராக்கிக்கொண்டிருக்கும்.