லைப்ரரி சேரவில்லையா? கோடிங்கை விட்டுவிட்டு ஃபோல்டரைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிறுதோறும் நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வருவார்கள். கோடிங்கால் படம் வரையும் மென்பொருளான ப்ராசஸிங்கில் சிக்குக் கோலம் போடுவதுதான் வேலை. கோலம் தட்டையாக இருக்கும்வரை ஒரு சிக்கலும் இல்லை. அதையே முப்பரிமாணமாக்கி மவுஸால் சுற்றிப் பார்க்க பீஸிகேம் என்ற லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை) சேர்க்கும்போதுதான், "அக்கா, கோடிங்ல எங்க தப்பு?" என்ற கேள்வி வரும். பெரும்பாலும் கோடிங்கில் தப்பே இருக்காது. சரியாக எழுதியதைப் பிள்ளைகள் அழித்து அழித்து எழுதுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

முதல் தவறு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போய் ஜிப் ஃபைலை இறக்குவது. பச்சைப் பட்டனை அழுத்தினால் வருவது மூல நிரல். ப்ராசஸிங்குக்குத் தேவையான, ஓடத் தயாராகத் தொகுத்த ஜார் ஃபைல் பல சமயம் அதில் இருக்காது. ஃபோல்டர் பெயரின் வாலில் '-மாஸ்டர்' என்றோ '-மெயின்' என்றோ வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். லைப்ரரி பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே இருக்கலாம், எண்ணில் தொடங்கக்கூடாது. நடுவில் ஒரு சிறு கோடு (-) இருந்தாலும் ப்ராசஸிங் ஏற்காது. ஸ்கெட்ச் மெனுவில் இம்போர்ட் லைப்ரரி, அதற்குள் மேனேஜ் லைப்ரரீஸ் என்று போய் நிறுவினால் இந்தத் தொல்லையே கிடையாது.

அந்தப் பட்டியலில் இல்லாத லைப்ரரி என்றால் கையால்தான் வைக்க வேண்டும். அங்கே அடுக்கு முக்கியம். ப்ராசஸிங் உங்கள் வேலைகளைச் சேமிக்கும் ஸ்கெட்ச்புக் ஃபோல்டருக்குள் 'லைப்ரரீஸ்', அதற்குள் 'பீஸிகேம்', அதற்குள் ஒருமையில் 'லைப்ரரி', அதற்குள் பீஸிகேம் ஜார். ஃபோல்டர் பெயரும் ஜார் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிப்பைப் பிரிக்கும்போது பீஸிகேமுக்குள் இன்னொரு பீஸிகேம் உருவாகிவிடும். இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் ஒன்ட்ரைவ் ஓடினால், ஸ்கெட்ச்புக் வழக்கமாக இருக்கும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே இடம் மாறியிருக்கலாம். ஊகிக்காதீர்கள், ப்ராசஸிங்கின் ப்ரிஃபரன்சஸைத் திறந்தால் ஸ்கெட்ச்புக் இருக்கும் இடம் முதலிலேயே தெரியும். வைத்தபின் ப்ராசஸிங்கை மூடித் திறங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 'அன்சப்போர்டட் கிளாஸ் வெர்ஷன்' என்று வந்தால் அது ப்ராசஸிங்குக்கு அடிப்படையான ஜாவாவின் பிரச்சினை. பழைய ப்ராசஸிங் 3 ஜாவா 8-இல் ஓடுவது. 2022-இல் வந்த ப்ராசஸிங் 4-க்கு ஜாவா 17. பிழைச் செய்தியில் 61.0 என்று இருந்தால் லைப்ரரி ஜாவா 17-க்குக் கட்டப்பட்டது, 52.0 என்றால் உங்களிடம் ஓடுவது ஜாவா 8. ப்ராசஸிங்கைப் புதுப்பித்தால் தீர்ந்தது. ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) மேக்கில் இன்னொன்று உண்டு: இன்டெல் சிப்புக்கு மட்டும் கட்டிய நேட்டிவ் ஃபைல் உள்ள பழைய லைப்ரரி அதில் ஏறாது. அதற்கு ப்ராசஸிங்கின் இன்டெல் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சைஸ் வரியில் அகலம், உயரத்துக்கு அடுத்து பி3டி (முப்பரிமாணமாக வரையும் முறை) என்று போட்டீர்களா? பீஸிகேமுக்கு அது கட்டாயம். கேமராவை சைஸ் வரிக்குப் பிறகே உருவாக்குங்கள். கோலம் சுற்றும்போது மூலையில் எழுதிய பெயரும் சேர்ந்து சுற்றினால், அந்த எழுத்தை மட்டும் பிகின்ஹெச்யூடி, எண்ட்ஹெச்யூடி என்ற பீஸிகேம் கட்டளைகள் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். பெயர் மூலையிலேயே நிற்கும்.