கச்சான் எழும்பினால் வாவி, கொண்டல் வந்தால் கடல்

பாய் கட்டிக் காற்றில் ஓட்டும் என் விண்ட்சேர்ஃபிங் பலகை, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் பழைய சாமான்களைக் கழித்தபோது வாங்கியது. 160 லீற்றர், மூக்கில் ஒட்டுப்போட்ட வெடிப்பு ஒன்று. கூடவே 6 சதுர மீற்றரில் ஒரு பாய், 5 சதுர மீற்றரில் ஒன்று. சின்ன லொறியில் மட்டக்களப்பு கல்லடிக்குக் கொண்டுவந்து இறக்கியபோது பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "என்ன மனே, கப்பலோட்டப் போறியா?" மாமா கரைவலை இழுத்தவர்.

அந்த வருசம் ஜூலையில் ஒரு காலை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிப் படுத்துக் கிடந்தது. இதைவிட நல்ல நாள் வராது என்று இறங்கினேன். முன்னூறு மீற்றர் போனதும் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியது போலக் காற்று. திரும்ப நினைத்த ஒவ்வொரு தடவையும் பாய் என்னைத் தூக்கித் தண்ணீரில் போட்டது. ஒரு மணித்தியாலம் கழித்து மீன்பிடிப் படகு ஒன்று கட்டியிழுத்துக் கொண்டுவந்து விட்டது. கரையில் மாமா நின்றார். "இது கச்சான். கரையில நிக்கிறவனுக்குக் கடல் சாந்தமாத்தான் தெரியும்."

நிலக்கடலைக்கும் எங்களிடம் அதே பெயர்தான். ஆனால் இந்தக் கச்சான், மே தொடக்கம் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து இறங்கும் காய்ந்த, சூடான காற்று. கிழக்குக் கரையில் நிற்பவருக்கு அது தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கரையோரத் தென்னைகளும் வீடுகளும் அதை மறைப்பதால் கரையோரத் தண்ணீரில் சுருக்கம்கூட விழாது. மறைப்பைத் தாண்டினால்தான் அதன் முழுப் பலம் தெரியும். அறுகம்பையில் அலைச்சறுக்கு ஆட்கள் இதே காற்றைக் கொண்டாடுவார்கள், அது அலையின் முகத்தை வழவழப்பாக்கும். பாய் பிடித்தவருக்கு அது ஆகாது.

அதனால் என் திட்டம் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: நாளைக்கு வாவியா, கடலா?

காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கம் ஊர் ஒரு ஒடுங்கிய நிலப்பட்டி. மேற்கே வாவி, கிழக்கே கடல். கச்சான் அடிக்கும்போது வாவியில் எது பிழையாகப் போனாலும் காற்று உங்களை ஊர்ப்பக்கக் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். அதே காற்றில் கடல் பக்கம் இறங்கினால் எதிரே கரையே இல்லை. எனவே மே முதல் செப்டம்பர் வரை காலையில் வாவிதான்.

முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான பகுதியை வாசிக்கிறேன். அதில் வேகம் மணிக்குக் கிலோமீற்றரில் இருக்கும். 1.85ஆல் வகுத்தால் கடலில் வேகத்தை அளக்கும் நொட். சோம்பலாக இருந்தால் பாதியென்று வைத்து ஒரு துளி கூட்டிக்கொள்ளுங்கள். 30 என்றால் 16 நொட். பிறகு காற்றுச் செயலிகளான விண்டியையோ விண்ட்குருவையோ திறந்து, சராசரியை மட்டும் பார்க்காமல் வீச்சின் உச்சத்தையும் பார்ப்பேன். சராசரி 12க்கு உச்சம் 14 என்றால் ஒழுங்கான காற்று. 12க்கு 22 என்றால் வீட்டில் புட்டு சாப்பிடலாம். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும்: 10 நொட் 14 ஆனாலே விசை இரட்டிப்பு. 68 கிலோ நிறையுள்ள நான் 12, 14 நொட்டுக்கு 6 சதுர மீற்றர்ப் பாயையும், 18ஐத் தொட்டால் 5ஐயும் கட்டுவேன். புதிதாகப் பழகுபவர் 8 முதல் 12 நொட்டுக்குள் நிற்பது நல்லது.

செயலியை முழுதாக நம்ப முடியாத இடம் ஒன்று உண்டு: கொண்டல், அதாவது கிழக்கே கடலிலிருந்து வரும் பகல் காற்று. ஒன்பது, பத்துக் கிலோமீற்றர்க் கட்டங்களாகக் கணக்குப் போடும் கணினி மாதிரிக்கு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் துண்டு நிலம் சரியாகத் தெரியாது. இதற்குக் கண்தான் கருவி. கச்சான் மெலிவாக உள்ள நாளில் நடுப்பகலை ஒட்டி ஒரு ஓய்வு விழும். தென்னோலை தொங்கும், சட்டை முதுகில் ஒட்டும், காகம்கூடக் கத்தாது. அப்போது கிழக்கே பாருங்கள். அடிவானத்துக்குக் கீழே தண்ணீரில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். அது மெல்லத் தடித்துக் கரையை நோக்கி வரும். காற்று சுருக்கிய தண்ணீர் அது. முகத்தில் ஈரமாக, உப்பாகப் படும்போது கொண்டல் வந்துவிட்டது. நான் உடனே இறங்குவதில்லை. அரை மணித்தியாலம் அதே திசையில் நின்றால்தான் பாயைக் கட்டுவேன். கச்சான் பலமாக உள்ள நாளில் இந்தக் கோடு கரைக்கு வராமலே வெளியில் நிற்கும். அன்றைக்குக் கடல் இல்லை. அங்கங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் பத்து நொட்டைத் தாண்டுகிறது என்று அர்த்தம், கரையிலிருந்தே கணிக்கலாம்.

கடல் பெருகுவதும் வற்றுவதும் எங்கள் பக்கம் பெரிய விசயமில்லை என்பார்கள். உயரத்தைப் பார்த்தால் உண்மைதான், அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களிலும் முக்கால் மீற்றரைத் தாண்டாது. ஆனால் என் பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு, ஃபின், 45 சென்ரிமீற்றர். பாசிக்குடாவின் ஆழமில்லாத தண்ணீரில் பவளப்பாறைக்கு மேலே அந்தச் சின்ன ஏற்றம்தான் ஃபின்னுக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. வற்று முடிந்து பெருக்கு முடிய ஆறு மணித்தியாலம் சொச்சம். 60 சென்ரிமீற்றர் ஏறும் நாளென்றால் மணிக்கு மணி 5, 10, 15, 15, 10, 5 என்று ஏறும். அதாவது முதல் இரண்டு மணித்தியாலத்தில் கால்வாசிதான். நான் அடிவற்றுக் கழிந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகே பாசிக்குடாவில் இறங்குவேன். இன்று பகல் 1.00 மணிக்கு அடிவற்று என்றால் நாளை ஏறக்குறைய 1.50, நாளன்றைக்கு 2.40. கொண்டல் பிற்பகலில்தான் வரும், ஐந்து மணியோடு இளைக்கும். ஆகவே வற்று 2.40க்கு விழும் நாளில் முப்பத்தைந்து கிலோமீற்றர் பாசிக்குடாவுக்குப் போவது வீண். காலண்டரில் பறுவத்தைக் குறித்துவிட்டு, அந்தக் கிழமையின் வற்று நேரங்களைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

வாவியில் இந்தக் கணக்கு வேறு. முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கும் காலத்தில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இல்லை. மழை பெய்து வாய் திறந்த பிறகு பாலமீன்மடுப் பக்கம் போகவே வேண்டாம். வற்றும் நேரத்தில் வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடும். கச்சானும் சேர்ந்தால் இரண்டும் ஒரே திசையில் இழுக்கும். எதிரே கொண்டல் அடித்தால் ஓடும் தண்ணீரும் காற்றும் மோதி, அலை குட்டையாகச் செங்குத்தாக எழும்பும். இரண்டிலும் பாயைத் தூக்கி நிறுத்த இடம் கிடைக்காது. உள்வாவியில் கவனிக்க வேண்டியவை இறால் வலைகளும் ஊன்றிய கம்புகளும். முதலையும் உண்டு, பொழுது சாய்கிறபோது பற்றை ஓரங்களில் நிற்காதீர்கள்.

மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடை, மழை, கொந்தளிப்பு. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட என் அம்மா அந்த மாதம் பலகையைத் தொட விடமாட்டார். வாடை இளைக்கும் பெப்ரவரியும் மார்ச்சும் பழகுபவருக்கு நல்லவை: காற்று வடகிழக்கு, கரையை நோக்கியே வரும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகலில் இடி. கார்பன் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியில் தனியாக நிற்பவரைவிட மின்னலுக்கு நல்ல இலக்கு இல்லை. முதல் முழக்கத்திலேயே கரை.

இறங்கிய பிறகு முதல் அரைவாசியைக் காற்றுக்கு எதிராக ஓட்டுங்கள். நீரோட்டம் இருந்தால் அதற்கும் எதிராக. கை சோரும்போது திரும்பும் வழி இலகுவாக இருக்கும். விசிலும், ஐந்து மீற்றர்க் கயிறும், நீர் புகாத பையில் தொலைபேசியும் என்னோடு எப்போதும் உண்டு. ஏதும் உடைந்தால் பாயைச் சுருட்டிப் பலகையில் வைத்துக் கையால் வலித்து வருவேன். பலகையை விட்டு நீந்த மாட்டேன்.

கடைசியாக, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஐந்து மணி என்றால் நாலே முக்காலுக்கே கரைக்கு வந்து, கையில் ஒரு சுருள் கச்சானோடு நிற்பார்.