சேலத்தில் இருந்தபடி ஊர் மக்களுக்காகக் கூட்டு வழக்கு நடத்துவது எப்படி

சுற்றுச்சூழல், மனித உரிமை வழக்குகளையே தொழிலாகக் கொள்ள விரும்பும் இளம் வழக்கறிஞர்கள், எந்த நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்வது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யாருக்காக வழக்காடுகிறோம், அவர்கள் எதற்குச் சம்மதித்திருக்கிறார்கள் என்ற இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகே அந்தக் கேள்விக்கு வர வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில், சாயக்கழிவு இறங்கிய கிணறுகளுக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் ஒரே மாலையில் வக்காலத்தில் (எனக்கு வழக்காட அதிகாரம் தரும் பத்திரத்தில்) கையெழுத்து வாங்கினேன். மனுவை ஒருவருக்கும் படித்துக் காட்டவில்லை. எதிர்த்தரப்பு ஆழ்துளைக் கிணறு போட்டுத் தருவதாகச் சொன்னதும் பாதிப் பேர் விலகிவிட்டனர். குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்கள் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். அதை முன்கூட்டியே அவர்களோடு உட்கார்ந்து பேசாதது என் தவறு.

ஆகவே, முதலில் ஊர்க் கூட்டம் நடத்தி, என்ன கேட்கப் போகிறோம், எத்தனை ஆண்டுகள் ஆகலாம், தோற்றால் என்ன ஆகும் என்பவற்றை விளக்குங்கள். கைநாட்டு வைப்பவருக்கு மனுவை வரிவரியாக வாசித்துக் காட்டி, வாசித்ததற்கான குறிப்பையும் அதிலேயே எழுதுங்கள். பிறகு வீட்டுக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு, புல எண், கிணற்றின் ஆழம், தண்ணீர் நிறம் மாறிய மாதம், கைவிட்ட பயிர் ஆகியவற்றைப் பதியுங்கள். ஒரு வீட்டில் அம்மா ஒருவர், இரவு முழுக்கக் கிணற்றுநீர் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து, உள்விளிம்பில் படிந்திருந்த ஊதா வளையத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அப்படிப்பட்டதை அன்றே படம் எடுத்து, தேதியோடு பிரமாணப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும். அதோடு நிற்காமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலரே வந்து மாதிரி எடுக்கும்படி எழுத்தில் கோரி ஒப்புகை பெறுங்கள். ஆலை இயங்க வாரியம் வழங்கிய அனுமதியான இசைவாணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இதற்கிடையே நாட்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரிவு 14இன் கீழ் வரும் மனுவை வழக்குமூலம் (வழக்குத் தொடரக் காரணமான நிகழ்வு) முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். இழப்பீட்டுக்கு 5 ஆண்டுகள். "முதன்முதலில்" என்ற அந்தச் சொல்லால் விழுந்த மனுக்கள் பல என்பதால்தான் நோட்டில் மாதத்தை எழுதச் சொல்கிறேன்.

நீர், காற்று மாசு என்றால் சென்னையில் உள்ள அத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். ஆனால் ஏற்காட்டு மலையாளிப் பழங்குடியினரின் வன உரிமை மறுக்கப்பட்டால் அங்கே போக முடியாது. எந்தெந்தச் சட்டங்கள் தொடர்பான வழக்குகளை அத்தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்ற அட்டவணையில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இல்லை. கிராம சபைத் தீர்மானத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் அரசமைப்பின் உறுப்பு 226இன் கீழ் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது பற்றிய வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், மலைமக்களின் வழிபாட்டு உரிமையையும் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்றது. ஏற்காட்டின் சேர்வராயன் கோயிலுக்கு ஆண்டுதோறும் மலையேறும் மக்களுக்காக வழக்காடுபவர் அத்தீர்ப்பை முழுமையாகப் படித்திருக்க வேண்டும். பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

உரிமையியல் நீதிமன்றம் என்றால், ஒரே அக்கறையுள்ள பலருக்காகச் சிலர் வழக்கு நடத்த இடம் தரும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1 விதி 8. நீதிமன்ற அனுமதியும், அக்கறையுள்ள அனைவருக்கும் வாதியின் செலவில் அறிவிப்பும் தேவை; அறிவிப்பின்றிச் சமரசம் செய்ய முடியாது. என் முதல் வழக்கை இவ்வழியில் நடத்தியிருந்தால் அத்தனை பேர் தனித்தனியே பேரம் பேச நேர்ந்திருக்காது.

வருமானம் பற்றி: வெற்றி பெற்றால் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் கழக விதிகள் தடுக்கின்றன. விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை வழக்குகள்தாம் அலுவலக வாடகையைக் கட்டும், அவற்றை விட்டுவிடாதீர்கள். ஊரில் வசூலாகும் செலவுத்தொகைக்கு ரசீது கொடுத்து, கணக்கைக் கூட்டத்தில் வாசியுங்கள்.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. ஆகவே சாதகமான தீர்ப்பு வந்த அன்றே ஊருக்குப் போய், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைச் சொல்லி, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டு வாருங்கள்.