தானே வாசிக்கும் பியானோவை வாங்கும் முன் சோதித்துப் பார்க்கும் முறை

தானே வாசிக்கும் பியானோ, தரத்தில் சாதாரண பியானோவுக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள், அது ஆலையிலேயே அந்த அமைப்புடன் உருவானதா, பின்னர் பொருத்தப்பட்டதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். யமஹா டிஸ்கிளேவியரும் 2015-இல் ஸ்டெயின்வே வெளியிட்ட ஸ்பிரியோவும் முதல் வகை. இவற்றில் கம்பிகள், ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சுற்றிய சுத்தியல்கள், ஒலிப்பலகை அனைத்தும் அதே நிறுவனத்தின் சாதாரண கிராண்டில், அதாவது கம்பிகள் படுக்கைவாட்டில் அமைந்த பெரிய பியானோவில், உள்ளவையே. ஒவ்வொரு கட்டையின் பின்முனைக்கு அடியிலும் சோலினாய்டு என்னும் மின்காந்தச் சுருள் ஒன்று இருக்கும்; மின்சாரம் பாயும்போது அதன் தண்டு கட்டையின் பின்முனையை மேலே தள்ளும்; அதன் பிறகு சுத்தியல் கம்பியை அடிக்கும் வழி, விரலால் அழுத்தும்போது நடப்பதேதான். ஆகவே இதிலிருந்து வருவது ஸ்பீக்கரின் ஒலியன்று, பியானோவின் சொந்தக் குரலே. 2002-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கிய சர்வதேசப் பியானோ-இ-போட்டியில் போட்டியாளர்கள் வாசித்ததே டிஸ்கிளேவியர் கச்சேரி கிராண்டில்தான் என்பதை, தொடுகை, அதாவது அழுத்தும்போது கட்டை விரலுக்குத் தரும் உணர்வு, கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் நினைவில் கொள்ளலாம்.

கடைக்குச் சென்றதும் விற்பனையாளர் முதலில் பியானோவைத் தானாக வாசிக்க விட்டுக் காட்டுவார். அதற்கு இடம் கொடுக்காமல், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் வாசியுங்கள்; வாசிக்கத் தெரியாதவர் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கம்பியின் அதிர்வை அடக்கும் டாம்பர்களின் எடை குறுக்கிடாதபடி வலது பெடலை மிதித்துக்கொண்டு, நடுப்பகுதியிலுள்ள ஒரு கட்டையின் முன்விளிம்பில் சிறு எடைகளை ஒவ்வொன்றாக வைத்தால், நன்றாகச் சீர்செய்த கிராண்டில் ஏறத்தாழ 50 கிராமில் கட்டை மெதுவாகக் கீழே இறங்கும். அடுத்தடுத்த கட்டைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டாலோ, இறங்கிய கட்டை சோம்பலாக மேலெழுந்தாலோ, காரணம் கேளுங்கள். அதே மாடலின் சாதாரண பியானோ அக்கடையில் இருந்தால், இரண்டிலும் ஒரே பகுதியை மிக மெல்ல வாசித்து ஒப்பிடுவதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

ஹெட்போனில் மட்டும் கேட்கும் சைலண்ட் வசதியும் சேர்ந்திருந்தால் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுத்தியல் கம்பியைத் தொடாமல் தடுக்கும் சட்டம் அதில் இருப்பதால், சில பியானோக்களில் சுத்தியல் கம்பிக்குச் சற்று முன்னதாகவே கட்டையின் தள்ளலிலிருந்து விடுபடும்படி அமைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து, கட்டையை மிக மெதுவாக அழுத்தியபடி சுத்தியலைப் பாருங்கள்: அது கம்பியை நெருங்கி, இரண்டு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் விடுபட்டுத் திரும்பினால் நல்லது, அதற்கு வெகு முன்பே விழுந்துவிட்டால், மெல்லிய வாசிப்பில் உங்கள் கட்டுப்பாடு குறையும்.

பழைய பியானோவில் பிற்பாடு பொருத்தப்படும் பியானோடிஸ்க், கியூஆர்எஸ் போன்ற அமைப்புகளில் முடிவு பெரும்பாலும் பொருத்துபவரின் கைத்திறனைப் பொறுத்தது. இதற்காகக் கட்டைகளைத் தாங்கும் அடிப்பலகையில் நீளமான பள்ளம் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு அப்பலகை சிறிது தொய்ந்தாலும் எல்லாக் கட்டைகளின் உயரமும் ஆழமும் மாறிவிடும். சோலினாய்டின் தண்டு, ஓய்வு நிலையில் கட்டையைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் தொடுகை மாறும், தட்டும் ஓசையும் கேட்கும். பெடல் முன்பைவிடக் கனமாகிவிட்டதா என்பதையும் காலால் மிதித்து அறியுங்கள். பியானோவைச் சுருதி சேர்க்கும் நல்ல ட்யூனர் ஒருவர் கீழே குனிந்து பார்த்து ஒப்புதல் தராத வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இவை தேறிய பின்னரே மின்சாரத்தைப் போட்டு, தானாக வாசிக்க விடுங்கள். ஆரவாரமான பாடல்கள் எந்த அமைப்பிலும் நன்றாகவே கேட்கும் என்பதால், மெதுவான, மெல்லிய பகுதியொன்றைக் கேட்டு வாங்கி, ஒலியளவை வெகுவாகக் குறைத்துப் பாருங்கள். குறைந்த விசையில் தள்ளப்படும் சுத்தியல் சில வேளைகளில் கம்பியை எட்டாமலே திரும்பிவிடுவதால், சுரங்கள் ஆங்காங்கே விடுபட்டுப் போகும். இந்த வகையின் உண்மையான பலவீனம் இதுவே, விருந்து நேரத்தில் பின்னணியாக ஒலிக்க வேண்டுமென்று வாங்குபவர்களுக்கு இது முக்கியம். ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கும் பகுதியையும், பெடலைப் பாதியளவு மிதிக்கும் பகுதியையும் கேளுங்கள். வாசிப்பைத் தரவாகப் பதியும் வழக்கமான முறையான மிடி பதிவில் அழுத்தத்துக்கு 127 படிகள்தான். ஸ்பிரியோ 1020 படிகளில் பதிகிறது, நுண்மையில் அந்த வேறுபாடு காதுக்குத் தெரியக்கூடும்.

பயன்படுத்திய பியானோவென்றால், நாளுக்கு எத்தனை மணி நேரம் அதை ஓட விட்டார்கள் என்று கேளுங்கள். ஓட்டல் வரவேற்பறையில் இருந்தவற்றின் சுத்தியல்களில் ஃபெல்ட் ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கக்கூடும். பராமரித்தால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் பியானோ வாழும், மின்னணுப் பகுதி அவ்வளவு காலம் வாழாது: 1980-களின் டிஸ்கிளேவியர்கள் ஃபிளாப்பி வட்டில் இயங்கியவை, அவ்வட்டு இன்று கடைகளில் இல்லை. ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டியை மட்டும் புதிதாக மாற்ற முடியுமா, உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தானே வாசிக்கும் வசதியை அரிதாகவே பயன்படுத்துவீர்கள் என்றால், அதற்காகும் கூடுதல் தொகையைச் சற்றுப் பெரிய சாதாரண கிராண்டில் செலவிடுங்கள். நீளமான கம்பியும் அகன்ற ஒலிப்பலகையும் தரும் குரலை எந்த சோலினாய்டும் தராது.